நோரா சீனாவில் எங்கே போனாள்?

இந்த வருஷம் மார்ச் 8க்கு நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் பேசினார். "பெண் விடுதலை பற்றிக் கதைக்கிற ஆக்கள் முதலில சீனாவைப் படிக்க வேணும். 49இல புரட்சி வந்ததோட அங்க அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. வானத்தில பாதியைப் பெண்கள்தான் தாங்கினம் எண்டு மாவோ சொன்னவர்" என்றார். எல்லாரும் கைதட்டினோம். பிறகு தேத்தண்ணி குடிக்கேக்க பக்கத்தில நிண்ட பெடியன் ஒருவன், "சீனாவில பொம்பிளப் பிள்ளை பிறந்தாலே கொண்டுபோடுவாங்களாம்" என்றான். அரை மணித்தியாலத்துக்குள் ஒரே நாட்டைப் பற்றி இரண்டு தீர்ப்பு. இரண்டிலுமே சீனப் பெண்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கட நாட்டில் சீனா எண்டு சொன்னால் அம்பாந்தோட்டைத் துறைமுகம், போர்ட் சிற்றி, கடன் என்றுதான் கதை போகும். அங்குள்ள பெண்கள் நூறு வருஷமாக எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. கூட்டத்துக்குப் பிறகுதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு கேள்வி. அதைக் கேட்டது ஒரு ஆண் என்பது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

1918இல் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் சீன மொழியில் வந்தது. கணவனையும் பிள்ளைகளையும் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போகும் நோரா, படித்த இளைஞர்களின் நாயகியாகிவிட்டாள். அடுத்த வருஷம் நவம்பரில் சாங்ஷா நகரத்தில் சாவோ என்ற குடும்பத்துப் பெண்ணொருத்தி, தான் விரும்பாத மாப்பிள்ளை வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பல்லக்குக்குள்ளேயே சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தாள். அந்தச் சாவைப் பற்றி அவ்வூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதியவர்களில் ஒருவர் 25 வயது மாவோ. அவளைக் கொன்றது அவளைச் சுற்றியிருந்த சமூகம்தான் என்று அவர் வாதிட்டார். பல்லக்கிலிருந்து இறங்கி ஓட வழி இருந்திருந்தால் அவள் செத்திருக்க மாட்டாள் என்பதுதான் எல்லோருடைய ஆதங்கமும்.

1923 டிசம்பரில் பெய்ஜிங்கில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவிகள் முன் பேச வந்த எழுத்தாளர் லூ சுன், இந்த ஆதங்கத்தின் மேலே ஒரு வாளி குளிர்தண்ணியை ஊற்றினார். நோரா வெளியே போய்விட்டாள் சரி, அதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். அவள் கையில் காசு இல்லாவிட்டால் கெட்டுப் போவாள், அல்லது திரும்பி வருவாள், இரண்டும் இல்லாவிட்டால் பட்டினி கிடப்பாள் என்பது அவருடைய கணக்கு. நோராவைப் போற்றும் கூட்டத்தில் போய்ப் பணப்பையைப் பற்றிக் கதைத்த மனுசன்.

உண்மையில் சீனாவில் நோராக்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். சியு ஜின் என்ற கவிஞை 1904இல் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஜப்பானுக்குப் படிக்கப் போனார். செலவுக்குத் தன் நகைகளை விற்றார். கட்டப்பட்ட கால்களை அவிழ்த்தார், ஆண் உடுப்புப் போட்டார், திரும்பி வந்து பெண்களுக்கென்று பத்திரிகை நடத்தினார். 1907இல் மன்னராட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். 31 வயது.

லூ சுன்னின் கேள்விக்குப் புரட்சி ஒரு பதில் சொன்னது. அதை மறுக்க எனக்கு விருப்பமில்லை, மறுக்கவும் ஏலாது. ஆட்சிக்கு வந்து ஏழு மாதத்தில், 1950 மே முதலாம் திகதி, புதிய திருமணச் சட்டம் வந்தது. நிர்ப்பந்தக் கலியாணம், குழந்தைப் பருவ நிச்சயதார்த்தம், ஒருவனுக்குப் பல மனைவி எல்லாம் ஒரே சட்டத்தில் தடை. பெண் தானே போய் விவாகரத்துக் கேட்கலாம். பெண்கள் கேட்டார்கள், இலட்சக் கணக்கில் கேட்டார்கள். கேட்டதற்காகக் கணவன் வீட்டாரால் கொல்லப்பட்டவர்களும் ஏராளம். சட்டம் தலைநகரத்தில் எழுதப்பட்டது, அதை நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது அதே கிராமத்து ஆண் ஊழியர்கள். அப்படி இருந்தும் பல்லக்கில் செத்த பெண்ணுக்கு இல்லாத ஒரு கதவு அவளின் மகள் வயதுப் பெண்களுக்குத் திறந்தது. தோழர் சொன்னதில் இந்தப் பாதி சரி.

மற்றப் பாதியை டிங் லிங்கிடம்தான் கேட்க வேண்டும். இவரை முதலாளித்துவப் பெண்ணியவாதி என்று தள்ளி வைக்க முடியாது. கட்சிக்காரி. தேசியவாத அரசின் சிறைக்காவலில் கிடந்து தப்பி, கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானுக்குப் போய்ச் சேர்ந்தவர். 1942 மார்ச் 8க்குக் கட்சியின் நாளேட்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். யெனானில் பெண் கலியாணம் கட்டாவிட்டால் ஊர் கதைக்கும், கட்டினாலும் கதைக்கும். பிள்ளை பெறாவிட்டால் குற்றம். பெற்று, வளர்க்க என்று வேலையை விட்டால் 'பின்தங்கியவள்' என்ற பட்டம். அந்தப் பட்டத்தையே காரணமாகச் சொல்லிக் கணவன் விவாகரத்துக் கேட்பான். இதைத்தான் எழுதினார். கட்சி அவரைத் திட்டித் தீர்த்தது, அந்த நாளேட்டில் அவர் பார்த்துவந்த இலக்கியப் பொறுப்பும் போனது. பிற்பாடு ஸ்டாலின் பரிசு வாங்கிய நாவலாசிரியர் ஆனார், அதுவும் காப்பாற்றவில்லை. 1950களின் இறுதியில் 'வலதுசாரி' என்று முத்திரை குத்தி வடகிழக்கின் குளிருக்கு வேலை செய்ய அனுப்பினார்கள், 70களில் சிறை வேறு. 1979இல்தான் அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டிங் லிங் எழுதியதை வாசிக்கேக்க எனக்கு எங்கட இயக்கங்களின் கதைகளும் ஞாபகம் வந்தது. அது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம், இங்கே விடுகிறேன்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் பெண்கள் வயலுக்கு இறங்கினார்கள். ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு 10 புள்ளி என்றால் பெண்ணுக்கு 7 அல்லது 8 என்பதுதான் பல இடங்களில் வழக்கம். வரலாற்றாசிரியர் கெயில் ஹெர்ஷாட்டர், காவோ சியாவோசியன் என்ற சீன ஆய்வாளரோடு சேர்ந்து வடமேற்குச் சீனாவின் கிராமங்களில் வயதான பெண்களைத் தேடித்தேடிக் கதைத்தார். பகல் முழுக்க வயல், மாலையில் கூட்டம், அதற்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் உடுப்பும் தைத்த இரவுகள்தான் அந்த அம்மம்மாக்களின் ஞாபகத்தில் நிற்கிறது. அந்த இரவு வேலைக்குப் புள்ளி இல்லை. அதை யாரும் வேலை என்று எழுதிவைக்கவும் இல்லை.

அந்தப் பெடியன் சொன்ன கதைக்கு வருவோம். 1980இலிருந்து 2015 வரை ஒரு பிள்ளைக் கொள்கை. கட்டாயக் கருக்கலைப்பு, கட்டாயக் கருத்தடை, அதிகப் பிள்ளைக்குத் தண்டம். ஆண் பிள்ளை மோகம் ஏற்கெனவே இருந்த சமூகத்தில் ஸ்கேன் இயந்திரமும் வந்து சேர, 2000களில் 100 பெண் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட 118 ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். கைவிடப்பட்ட பெண் குழந்தைகள் பெரும் எண்ணிக்கையில் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். அதை அரசு நிறுத்தியதே 2024இல்தான்.

ஆனால் இதே கொள்கைக்குள் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நகரங்களில் ஒரே பிள்ளை மகளாகப் பிறந்த வீட்டில், மகனுக்கென்று ஒதுக்கி வைக்கப் பக்கத்தில் மகன் இல்லை. ட்யூஷன், பியானோ, பல்கலைக்கழகம் எல்லாம் அவளுக்கே. இன்று சீனாவில் இளமாணிப் படிப்பு படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இன்றைய பெண்ணியவாதிகளில் நிறையப் பேர் இப்படி வளர்ந்த மகள்கள்தான். தன் கருப்பையைக் கட்டுப்படுத்த அரசு செய்த சட்டத்தின் மகள்களே அரசுக்குத் தலையிடியாக வந்தது எனக்கு ஒரு சந்தோஷத்தைத் தந்தது, ஒளிக்க மாட்டேன்.

கிராமத்து மகள்களின் கதை வேறு. அவர்கள்தான் உண்மையில் கூட்டம் கூட்டமாக வீட்டை விட்டுப் போன நோராக்கள். ஷென்சென் பொருளாதார வலயம் 1980இல் தொடங்கியது, எங்கட கட்டுநாயக்க வலயம் 1978இல். இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள், இரண்டும் தேடியது ஒரே ஆளை: கலியாணம் கட்டாத, விரல் வேகமான, வாய் பேசாத கிராமத்துப் பெட்டையை. சீனாவில் இவர்களை 'தாகொங்மெய்' என்பார்கள், கூலிக்கு வேலை செய்யும் தங்கச்சி என்ற மாதிரி ஒரு அர்த்தம். நகரத்தில் வேலை செய்யலாம், ஆனால் குடும்பப் பதிவு கிராமத்தில் இருப்பதால் நகரத்துக்காரியாக முடியாது. 1993 நவம்பரில் ஷென்சென்னில் ஒரு விளையாட்டுப் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தபோது 80க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் இளம்பெண்கள். பொருள் களவு போகாமல் இருக்க யன்னல்களுக்குக் கம்பி போட்டு, வெளிவாசல்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். இந்தத் தீதான் சமூகவியலாளர் புன் ங்காயைத் தொழிற்சாலைக்குள் போய் அந்தப் பெண்களோடு வேலை செய்து எழுத வைத்தது.

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் திரும்பிப் போக விரும்பவில்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் அவர்களுக்காக அழுவதில் பிரயோசனம் இல்லை. 1990களில் ஆண்களை விடப் பெண்கள் அதிகமாகத் தற்கொலை செய்த மிகச்சில நாடுகளில் சீனாவும் ஒன்று, செத்தவர்களில் பெரும்பகுதி பூச்சிமருந்து குடித்த கிராமத்து இளம்பெண்கள். பெண்கள் நகரத்துக்குப் போகப் போக அந்த எண்ணிக்கை வேகமாக விழுந்தது. கிருமிநாசினிப் போத்தலும் மாமியார் வீடும் ஒரே கூரைக்குள் இருந்த இடத்திலிருந்து விலகினதே உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சுரண்டுகிற தொழிற்சாலை ஒன்று வீட்டை விடப் பாதுகாப்பாக இருந்தது என்றால் அந்த வீடு எப்படி இருந்திருக்க வேணும்?

ஆக, அரசுக்குப் பெண்களின் கை தேவைப்பட்ட போதெல்லாம் கதவு திறந்தது. இப்போது அரசுக்குத் தேவை வேறு. 2022இல் ஆறு தசாப்தங்களுக்குப் பிறகு முதற்தடவையாகச் சீனாவின் சனத்தொகை குறைந்தது. ஒரு பிள்ளைக்கு மேல் பெற்றால் தண்டம் என்ற அரசு 2016இல் இரண்டு என்றது, 2021இல் மூன்று என்றது. கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுவது இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2007இல் கல்வி அமைச்சு வெளியிட்ட புதுச்சொற்கள் பட்டியலில் 'ஷெங்நு' என்ற சொல் இருந்தது. 'மிஞ்சிப்போன பெண்'. 27 வயது தாண்டியும் கட்டாத படித்த பெண்களைக் குறிக்க, சோற்றுப்பானையில் மிஞ்சினதைச் சொல்லும் அதே எழுத்து. பெண்களின் உரிமைக்கென்றே இருக்கும் அரசு மாதர் சம்மேளனம் தன் இணையத்தளத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பெண்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்தின்படி, கலியாணத்துக்கு முன் வாங்கின வீடு பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே. பெரும்பாலும் யாருடைய பெயர் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2021 ஜனவரியிலிருந்து இருவரும் சம்மதித்து விவாகரத்துக்குப் பதிந்தாலும் 30 நாள் காத்திருக்க வேணும், அதற்குள் ஒருவர் மனம் மாறினாலும் விண்ணப்பம் போச்சு. 1950இன் அந்தக் கதவுக்கு எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு கொளுக்கி போட்டிருக்கிறார்கள். 2022இல் தெரிவான 24 பேர் கொண்ட அரசியல் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. பாதி வானம் எங்கே போனதோ தெரியாது.

இதற்கெல்லாம் சீனப் பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை. 2012இல் ரத்தக்கறை தெரியும்படி சாயம் பூசிய கலியாண உடுப்போடு பெய்ஜிங் தெருவில் நடந்து வீட்டு வன்முறையைப் பற்றிக் கேட்டார்கள். குவாங்சோவில் பெண்கள் வரிசையில் நிற்கிற நேரத்தில் ஆண்கள் மலசலகூடத்தைக் கைப்பற்றினார்கள். 2015 மார்ச் 8க்குப் பேருந்துகளில் பாலியல் தொல்லைக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டத் திட்டமிட்ட பெண்கள் அதற்கு முன்பே பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்து பேரை 37 நாள் உள்ளே வைத்தார்கள். பஸ்ஸில் கைபோடாதே என்று சொல்லும் ஸ்டிக்கருக்கு! அதே வருஷம் செப்டெம்பரில் பெண் சமத்துவம் பற்றிய ஐ.நா. தலைவர்கள் கூட்டத்தைச் சீன ஜனாதிபதி இணைந்து நடத்தினார்.

அந்தப் போராட்டங்கள் வீண் போகவில்லை, 2016 மார்ச்சில் வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைத் தருவார்கள். அதைக் கேட்டுத் தெருவுக்கு வந்தவளைத்தான் பிடிப்பார்கள்.

இதில் என்னை நித்திரை கொள்ளவிடாத கதை யுவே சின்னுடையது, ஏனென்றால் அவர் எங்களைப் போல ஒரு மாணவி. 2018இல் பீகிங் பல்கலைக்கழகத்தில் இறுதி வருஷம். 20 வருஷத்துக்கு முன் ஒரு பேராசிரியரின் பாலியல் வன்முறைக்குப் பிறகு தற்கொலை செய்த மாணவியின் விவகாரத்தில் பல்கலைக்கழகம் அப்போது எடுத்த முடிவுகளின் பதிவுகளைக் காட்டுங்கள் என்று அவரும் வேறு ஏழு மாணவர்களும் எழுத்தில் கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டது. நடுச்சாமம் தாண்டியும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பட்டம் கிடைக்குமா என்று வெருட்டினார்கள். ஒருநாள் இரவு ஒரு மணிக்கு அவரின் அம்மாவையே விடுதிக்குக் கூட்டி வந்தார்கள். இதை வாசிக்கும் கம்பஸ் பிள்ளைகளுக்கு அந்த இரவைத் தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மா அழுதால் நாங்கள் உடைவோம் என்பது எல்லா நிர்வாகத்துக்கும் தெரியும்.

யுவே சின் நடந்ததை ஒரு பகிரங்கக் கடிதமாக எழுதினார். இணையத்தில் போடப் போட அழித்தார்கள். யாரோ ஒருவர் அதை எதேரியம் பிளாக்செயினில் ஏற்றிவிட்டார், அங்கே யாராலும் அழிக்க முடியாது. 'மீ டூ' என்ற சொல்லைத் தணிக்கை செய்ததால் பெண்கள் ஒரு கோப்பைச் சோற்றின் படத்தையும் முயலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள், சீனத்தில் சோறு 'மி', முயல் 'து'. பட்டம் முடித்த யுவே சின், தொழிற்சங்கம் அமைக்கப் போராடிய ஷென்சென் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தெற்கே போனார். 2018 ஓகஸ்டில் பொலிஸ் புகுந்து அவரையும் மற்ற மாணவர்களையும் பிடித்தது. அவர் மார்க்சியம் படித்தவர், தொழிலாளர் பக்கம் நின்றவர். எங்கட மூத்த தோழருக்கு இந்தப் பெயரைத்தான் நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். 'மேற்குலகச் சதி' என்று இவரைத் தள்ளுவது கஷ்டம்.

மீ டூ பற்றி எழுதிய பத்திரிகையாளர் ஹுவாங் சுவேசின் 2021 செப்டெம்பரில், படிப்புக்காக இங்கிலாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முதல்நாள் பிடிபட்டார். 2024 ஜூனில் ஐந்து வருஷச் சிறை.

2022 ஜனவரியில் ஜியாங்சு மாகாணத்துக் கிராமமொன்றில் எடுத்த ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. எட்டுப் பிள்ளைகளின் தாய், கடுங்குளிரில், கதவில்லாத ஒரு கொட்டிலுக்குள், கழுத்தில் சங்கிலியோடு. எட்டுப் பிள்ளைகளின் தகப்பன் என்று அவளின் கணவன் ஏற்கெனவே இணையத்தில் பிரபலம். அதிகாரிகள் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் விட்டார்கள், கடைசியில் அவள் யூனானிலிருந்து கடத்தி விற்கப்பட்டவள் என்று ஒத்துக்கொண்டார்கள். அவளைப் பார்க்கப் போன பெண்களைத் தடுத்து வைத்தார்கள். அதே நாட்களில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு இளம் வீராங்கனை தங்கம் வென்று எல்லாத் திரைகளிலும் சிரித்துக்கொண்டிருந்தார். எங்களில் எத்தனை பேர் அந்த வீராங்கனை ஆகலாம், எத்தனை பேர் அந்தச் சங்கிலியில் இருக்கலாம் என்று சீனப் பெண்கள் வெய்போவில் கேட்டார்கள். கணவனுக்கு ஒன்பது வருஷம் கிடைத்தது. கடத்தப்பட்ட பெண்ணை விலைக்கு வாங்கின குற்றத்துக்கு மட்டும் சீனச் சட்டத்தில் கூடியது மூன்று வருஷம்தான்.

"அப்ப நாங்கள் என்ன செய்ய? எங்கட பிரச்சினையே இங்க குவிஞ்சு கிடக்கு" என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கோ. நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த மார்ச் 8க்குச் சீனாவை மேற்கோள் காட்டுவதென்றால் மாவோவின் பெயரில் வரும் வாசகத்தோடு நிறுத்தாமல், அந்த நாளுக்காக 1942இல் எழுதியவளையும் 2015இல் பிடிபட்டவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கோ. விடுதலையை யாரோ கொடுத்தார்கள் என்று கதை சொல்லிப் பழகினால், கொடுத்தவன் திருப்பிக் கேட்கும்போது எங்களுக்கும் பதில் இருக்காது.

நோராவுக்குத் திரும்பி வருகிறேன். 2020 செப்டெம்பரில் செங்சோ நகரத்தில் சு மின் என்ற 56 வயதுப் பெண், தன் சின்ன வெள்ளைக் காரின் கூரையில் கூடாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். இளம் வயதில் தகப்பன் வீட்டிலிருந்து தப்பக் கலியாணம் கட்டியவர். கணவன் அடித்தார், வீட்டுச் செலவைச் சதம் சதமாகக் கணக்குப் பார்த்துப் பிரித்தார். மகளை வளர்த்து, மகளின் இரட்டைப் பிள்ளைகள் பாலர் பாடசாலைக்குப் போகுமட்டும் பொறுத்திருந்து, அதற்குப் பிறகுதான் போனார். கையில் பென்சன் காசு இருந்தது, போகும் வழியெல்லாம் எடுத்துப் போட்ட வீடியோக்கள் பிறகு வருமானம் ஆகின. இலட்சக் கணக்கான பெண்கள் அவரைப் பார்த்தார்கள். 2024இல் அவரின் கதை படமாகவும் வந்தது.

அதே வருஷம் சு மின் விவாகரத்து வாங்கினார். கணவன் சும்மா விடவில்லை. சம்மதிக்க வைக்க அவர் கணவனுக்கு 160,000 யுவான் கொடுக்க வேண்டியிருந்தது. வீடியோவில் உழைத்த காசு.